குளிர் இல்லாத ஊரில் ஒரு பிளம்ஸ் மரம்

கொடைக்கானல் பிளம்ஸ் கீழே இறங்கி, மாட்டுத்தாவணியிலும் பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் தள்ளுவண்டிகளில் குவியத் தொடங்கிவிட்டால், எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே விஷயமாகத்தான் இருக்கும். வீட்டில் பிளம்ஸ் வைக்கலாமா? பீச் வருமா? ப்ளூவாட் என்று ஒன்று இருக்கிறதாமே, பிளம்ஸையும் ஆப்ரிகாட்டையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினமாம், அமெரிக்காவில் வீட்டு வாசலிலேயே காய்க்கிறதாம், அந்தக் கன்று இங்கே கிடைக்குமா? கேட்கிறவர்கள் எல்லாரும் சொந்தபந்தம், அக்கம்பக்கம். அவர்கள் பார்த்த வீடியோவையும் கையோடு அனுப்பிவிடுவார்கள். ஒரே மரத்தில் ஒரு கிளையில் மஞ்சள் பழம், அடுத்த கிளையில் கறுஞ்சிவப்பு, அதற்கும் மேலே புள்ளி புள்ளியாக இன்னொரு ஜாதி என்று ஒட்டுக்கட்டி வைத்த மரம். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வரும்.

நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. ஐயர் பங்களா பக்கம் வீடு, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மரம். மரம் தெரிந்தவர்களை எங்கே பார்த்தாலும் விடாமல் விசாரிக்கிற பழக்கம் சின்ன வயசிலிருந்தே உண்டு. அதனால்தான் என்னைக் கேட்கிறார்கள். "மதுரையில் வராது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொல்லி போனை வைக்கும்போதெல்லாம் மனசு ஒப்புவதில்லை. இரண்டு நல்ல ஜாதியின் குணமும் சேர்ந்த ஒரு மரத்தைத் தன் வீட்டு மண்ணில் வைத்து, தன் கையால் பழம் பறிக்க வேண்டும் என்பது மதிக்க வேண்டிய ஆசை. ஏன் வராது என்பதையும், அப்படியானால் எது வரும் என்பதையும் முழுசாகச் சொல்லாமல் கதவைச் சாத்துவது நியாயமாகப் படவில்லை. ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா வீட்டு மரம்

திருநகரில் அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு பிளம்ஸ் மரம் நிற்கிறது. கண்காட்சி ஒன்றில் வாங்கியது. "சமவெளிக்குன்னே வந்த ரகம், மூணாவது வருஷம் காய் பாத்துருவீங்க" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பழுத்துக் குலுங்குகிற மரத்தின் போட்டோ ஒன்றும் கன்றின் கழுத்தில் தொங்கியிருக்கிறது. மச்சான் குழி வெட்டி, செம்மண் மாற்றி, ஆட்டுப்புழுக்கை போட்டு, வெயில் காலத்தில் ஓலைத் தடுப்பு கட்டி அக்கறையாக வளர்த்தார். மரம் வளரவும் செய்தது. ஆளுயரம் தாண்டியது. மூன்றாவது வருஷம் வந்து, அதற்குப் பிந்திய வருஷங்களும் போய்விட்டன. பூ என்று ஒன்றுகூட வரவில்லை.

கிட்டத்தில் நின்று பார்த்தால் அந்த மரத்தின் நிலைமை புரியும். கிளைகள் மெலிந்து நீண்டு போயிருக்கும். நுனியில் மட்டும் கொத்தாக இலை, நடுவில் முழக்கணக்கில் வெறும் குச்சி. பழைய இலைக்காம்பு இருந்த இடத்திலெல்லாம் மொட்டுகள் உண்டு, ஆனால் செதில் விரியாமலே காய்ந்துபோனவை. நகத்தால் நிமிண்டினால் பொடியாக உதிரும். இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்புக்கு நடுவே வெளிறிய மஞ்சளாகவும் இருக்கும். அது போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் பார்க்கிற வேலை. களர்ப்பாங்கான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதற்கு ஒரு பொடி வாங்கிப் போட்டார்கள், இலை கொஞ்சம் தேறியது.

அடித்தண்டில் ஒட்டு எங்கே என்று குனிந்து தேடினேன். ஒட்டுக்கட்டிய தழும்பே இல்லை, கொட்டை போட்டு முளைத்த நாற்று. பிளம்ஸ் கொட்டையை முளைக்கப் போட்டால் தாய் மரத்துப் பழமே திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எந்த ஊரிலும் ஒட்டுக்கன்றாக விற்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஜப்பானிய பிளம்ஸ் ரகங்களில் பலவும் தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காதவை. பக்கத்தில் ஒத்துப்போகிற வேறொரு ரகம் அதே சமயத்தில் பூத்திருக்க வேண்டும், நடுவில் தேனீ வேலை செய்ய வேண்டும். ப்ளூவாட் ரகங்கள் பலவற்றுக்கும் இதே நிபந்தனைதான். ஆக, குளிர்ப் பிரதேசமாகவே இருந்தாலும் அந்த ஒற்றை மரம் காய்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதில் ஒரு வார்த்தைகூட விற்றவர் சொல்லவில்லை.

இந்தக் குழப்பம் பிளம்ஸோடு நிற்கவில்லை. நம் பக்கத்து நர்சரிகளில் செர்ரி என்று கொடுப்பது பல சமயம் பார்படாஸ் செர்ரி. நல்ல செடி, நம் வெயிலுக்குப் பழகிக் காய்க்கும், வைட்டமின் சி மிகுந்தது. ஆனால் செர்ரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கேக்கின் மேல் வைக்கிற சிவப்புச் செர்ரிகூடப் பாதி இடங்களில் சாயம் ஏற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். அதது தன் பெயரிலேயே விலைபோகும் தகுதி உள்ளது. பெயரை மாற்றி விற்பதில்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

ஆனால் பணம் போனது அக்காவுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், "எனக்கு ராசியில்லாத கைடா. நான் வச்சா எது காய்ச்சிருக்கு?" என்றாள். அது என்னைக் குடைந்தது. அவள் வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் தெருவுக்கே கொடுக்கிறது. இந்த ஒரு மரத்தை வைத்துத் தன் கையையே குறை சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

வில்பட்டியில் தை மாதம்

மதுரைக்காரர்கள் நாம் கொடைக்கானலுக்கு மே மாதம் போகிறவர்கள். பிளம்ஸ் மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தை மாதம் போக வேண்டும். வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏறி, பெருமாள்மலை வழியாக அதிகாலையில் போய்ச் சேர்ந்தேன். வில்பட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பெரியப்பாவுக்குச் சொந்தமான தோட்டம். படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்குகிற நிலம், ஓரத்தில் மலைப்பூண்டுப் பாத்தி, நடுவில் பிளம்ஸும் பேரியும். புல்லின் மேல் உறைபனி இன்னும் உருகவில்லை. மரங்களில் ஒரு இலை கிடையாது. அத்தனையும் சாம்பல் நிறக் கட்டைகளாக நின்றன. விஷயம் தெரியாதவன் பார்த்தால் பட்டுப்போன தோப்பு என்றுதான் சொல்லுவான்.

குரங்குத் தொப்பியும் சால்வையுமாகப் பெரியவர் வந்தார். "இப்ப என்னத்தத் தம்பி பாக்க வந்தீக? பழம் வேணும்னா மே மாசமில்ல வரணும்" என்று சிரித்தார். அக்கா வீட்டு மரத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், கட்டைவிரல் கனமுள்ள கிளையில் நகத்தால் லேசாகக் கீறினார். மேல்தோலுக்குக் கீழே ஈரப் பச்சை. "உசுரோடதான் இருக்கு" என்றார். பிறகு கிளையோரத்தில் விரல் நீளம்கூட இல்லாத முண்டு முண்டான குட்டைக் குச்சிகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நாலைந்து மொட்டு நெருக்கமாக உட்கார்ந்திருந்தது. தடவிப் பார்க்கச் சொன்னார். உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுவது பூ மொட்டு, கூராக இருப்பது இலை மொட்டு. செதில்கள் அரக்கு வைத்து மூடிய மாதிரி இறுக்கமாக இருந்தன.

"இது தூங்குது தம்பி. குளிர் பத்துனாத்தான் முழிக்கும். குளிர் கொறஞ்ச வருசம் பாதித் தூக்கத்துல முழிச்ச கணக்கா இங்கிட்டு ஒரு பூ, அங்கிட்டு ஒரு பூ. பூவெல்லாம் ஒண்ணாச் சேந்து வராது, காயும் நிக்காது. கீழ பண்ணைக்காட்டுல என் மச்சினன் கொண்டுபோய் வச்சான். அங்க காபி வருது, ஆரஞ்சு வருது. இது இலையா வளந்துச்சு, அம்புட்டுதான். அங்கயே அப்படின்னா மதுரைல அது எப்பத் தூங்கும்?"

அதற்குப் பிறகு அவர் பூண்டுப் பாத்திக்குத் தண்ணி கட்டப் போய்விட்டார். நான் அந்த மரத்தடியிலேயே வெயில் ஏறும்வரை நின்றேன். அவர் சொன்னதை விஞ்ஞானம் கணக்காகச் சொல்கிறது. பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், செர்ரி, பாதாம் எல்லாம் ஒரே பேரினத்துப் பங்காளிகள். உறைபனி விழுகிற நாடுகளில் உண்டான மரங்கள். இலையுதிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டை மூடிக்கொள்ளும். நடுக்குளிரில் இரண்டு நாள் வெயிலடித்தது என்பதற்காக ஏமாந்து பூத்தால் அடுத்த பனியில் எல்லாம் கருகிவிடும். அதற்காகக் குளிர் போதுமான நேரம் நீடித்ததா என்று மரம் தனக்குள் கணக்கு வைத்துக்கொள்கிறது. 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதுதான் தோட்டக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் எளிய அளவு. இமாசலத்து ஆப்பிளில் பழைய ரகங்கள் 1000 மணி நேரத்துக்கு மேல் கேட்கும். சாண்டா ரோசா பிளம்ஸுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ப்ளூவாட் ரகங்கள் பெரும்பாலும் சில நூறு மணி நேரம் கேட்பவை. குறைந்த குளிரிலேயே காய்க்கட்டும் என்று புளோரிடாவில் உண்டாக்கிய புளோரிடா பிரின்ஸ் பீச்சுக்கும் சுமார் 150 மணி நேரம் வேண்டும். நம் மதுரையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 7 டிகிரி என்பதை இந்த ஊர் பார்ப்பதே இல்லை. 150-ஐ 50 ஆக்கினாலும் கணக்கு பூஜ்யம்தான்.

மலையிலிருந்து இறங்கிய கையோடு திருநகருக்குப் போனேன். வில்பட்டியில் மொட்டையாக நின்ற அதே ஜாதி மரம், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, அதே தை மாதத்தில், பச்சை இலையோடு வெயிலில் நின்றது. நான் இத்தனை நாளும் அந்த மரத்தில் என்ன குறை, மண்ணில் என்ன குறை, உரத்தில் என்ன குறை என்றே தேடிக்கொண்டிருந்தேன். பூ வராததற்கு அது எதுவும் காரணம் இல்லை. நட்ட நாளிலிருந்து அதற்குத் தூங்க ஒரு இரவுகூடக் கிடைக்கவில்லை. இனி எவ்வளவு கொட்டினாலும் அது கேட்பதை நம்மால் கொடுக்க முடியாது. அக்காவை மரத்தடிக்குக் கூப்பிட்டு, போனில் எடுத்து வந்த வில்பட்டிப் படங்களைக் காட்டி, பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என் கையில குறை ஒண்ணுமில்லயா?" என்றாள். "உன் கை நல்ல கைதான்க்கா" என்றேன். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போய் வந்ததாக இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதைச் சொன்னால் எதிர்வாதம் வரும். இமாசலத்தின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி தாழ்வான நிலத்திலேயே காய்க்கும் ஆப்பிளைக் கண்டெடுத்தாரே, எச்.ஆர்.எம்.என். 99 என்று நாடு முழுக்கப் போனதே, 2025-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்களே என்பார்கள். உண்மைதான், பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் பிலாஸ்பூருக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. ஜாவாவில் பாத்து என்ற ஊரில் அறுவடை முடிந்ததும் ஆப்பிள் மரத்து இலைகளை ஆள் வைத்து உருவிவிட்டு, மரத்தைத் தூங்கவிடாமலே திரும்பப் பூக்க வைக்கிறார்கள், வருஷத்தில் இரண்டு காய்ப்புகூட எடுக்கிறார்கள். அது ஆயிரம் மீட்டரை ஒட்டிய மலைப்பகுதி. சிறுமலையில் யாராவது நிலம் வைத்திருந்தால் பீச்சை வைத்து இந்த முறையைச் செய்து பார்க்கட்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். திருநகரில் மூன்று சென்ட் கொல்லையில் செய்து பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கலிபோர்னியாவில் செய்தது

சரி, அந்த ப்ளூவாட் எப்படி வந்தது என்று பார்க்கலாம். அங்கேதான் எனக்கு என் பதில் கிடைத்தது. லூதர் பர்பாங்க் (1849–1926) கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் இருந்தவர். ஜப்பானிய பிளம்ஸையும் ஆப்ரிகாட்டையும் கலந்து பிளம்காட் என்ற பழத்தை முதலில் பேர் வாங்க வைத்தவர். இன்றைக்கு இமாசலத்தில் தோப்புத் தோப்பாக நிற்கிற சாண்டா ரோசா பிளம்ஸும் 1906-இல் அவர் கொடுத்ததுதான். அவருக்கு வெகுகாலம் பின்னால் மொடெஸ்டோ நகரில் ஃபிளாய்ட் ஜைகர் குடும்பத்தோடு உட்கார்ந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். பிளம்காட்டைத் திரும்பவும் பிளம்ஸோடு சேர்த்து, பிளம்ஸ் குணம் தூக்கலாக வருவதுபோல் செய்தது ப்ளூவாட். ஆப்ரிகாட் பக்கம் சாய்த்தது ஏப்ரியம். 2020-இல் தன் 94-ஆவது வயதில் காலமாகும்வரை அதே வேலைதான். பூவைத் திறந்து, மகரந்தத் தாளை உருவிவிட்டு, வேறு பூவின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, விழுந்த கொட்டையை முளைக்க வைத்து, பழம் வர வருஷக்கணக்கில் காத்திருந்து, ருசி பிடிக்காததையெல்லாம் வெட்டிப் போட்டு, மிஞ்சிய ஒன்றிரண்டை வைத்துத் திரும்ப ஆரம்பித்து.

அவர்கள் வேறு ஊர்ப் பழத்துக்கு ஏங்கவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். மொடெஸ்டோ இருக்கிற பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் தரையோடு தரையாக மூடுபனி இறங்கும். பகலிலும் குளிர் விலகாது. அந்தப் பனி கொடுக்கிற மணிநேரத்துக்குள் என்ன வருமோ அதை எடுத்துக்கொண்டு, அதில் எட்ட முடிந்த உச்சத்துக்குப் போனார்கள். நம் ஊருக்கும் அதே மாதிரி ஒரு வேலை நடந்திருக்கிறது. ஏற்கெனவே மரமாகி, காயாகி, நம் தெருவில் விற்றுக்கொண்டிருக்கிறது. நாம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நீலத்தின் வாரிசுகள்

வெளியே தோல், நடுவில் சதை, உள்ளே கெட்டி ஓட்டுக்குள் ஒற்றை விதை. பிளம்ஸின் இந்த அமைப்புதான் மாம்பழத்துக்கும். குடும்பம் வேறு. மா, முந்திரிக்கும் பிஸ்தாவுக்கும் சொந்தக்காரன். ஆனால் பழத்தின் வகை ஒன்றே. ப்ளூவாட் இரண்டு வேறு இனங்களைச் சேர்த்தது, நான் சொல்லப்போகிற மா கலப்பினங்கள் ஒரே இனத்துக்குள் இரண்டு ரகங்களைச் சேர்த்தவை. அந்த வித்தியாசம் உண்டு. வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

"மாமரமா? அது எல்லார் வீட்லயும்தான் இருக்கு" என்று அக்காவும் சொன்னாள். எல்லார் வீட்டிலும் இருப்பது எது என்று கேட்டேன். கொட்டை விழுந்து தானாக முளைத்தது, இல்லையென்றால் பங்கனப்பள்ளி, கல்லாமை. ஒரு வருஷம் மரம் கொள்ளாமல் காய்த்துவிட்டு அடுத்த வருஷம் கைவிரிக்கிற மரங்கள் அதில் நிறைய. இமாம்பசந்து ருசிக்கு ஈடில்லை, ஆனால் காய்ப்பு கஞ்சத்தனம். இதற்கெல்லாம் மருந்தாக ஆராய்ச்சிக்காரர்கள் தேடிப் பிடித்த ரகம், நாம் மரியாதை கொடுக்காத நீலம். ஆனி, ஆடியில் மற்ற பழமெல்லாம் ஓய்ந்த பிறகு சாக்கு விரித்துக் கூறுகட்டி விற்கிற அதே நீலம். "நீலமா, வண்டு இருக்கும்" என்று ஒதுக்கிவிடுகிறோம். வண்டு இருப்பது நிஜம். பிஞ்சாக இருக்கும்போதே தாய்வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். புழு சதை வழியாக விதைக்குள் போனதும் போன வழி மூடிவிடும். வெளியே மாசுமருவில்லாத பழம், அறுத்தால் கொட்டைக்குள் கறுப்பு வண்டு. உதிர்ந்த பழத்தையும் கொட்டையையும் மரத்தடியில் விடாமல் பொறுக்கி அழித்து, ஐப்பசி கார்த்திகையில் அடிமரத்துப் பட்டைகளைச் சுத்தம் செய்து வந்தால் பெருமளவு குறையும்.

ஆனால் நீலத்துக்கு மற்றவற்றில் சேர்ந்தாற்போல் அமையாத சில குணங்கள் உண்டு. வருஷம் தவறாமல் காய்க்கும். இளமரத்திலேயே காய்ப்புக்கு வந்துவிடும். மரம் அடக்கமாக இருக்கும். தோல் தடித்த பழம், வண்டியில் எத்தனை தூரம் போனாலும் நசுங்காது. இந்தத் தென்னாட்டு மரத்தை வடக்கே தூக்கிப்போய், தில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் தசேரியோடு சேர்த்தார்கள். நீலத்தைத் தாயாக வைத்து வந்தது மல்லிகா, தசேரியைத் தாயாக வைத்து வந்தது ஆம்ரபாலி. இரண்டும் 1970-களில் வெளிவந்தவை. கொங்கணத்தில் நீலத்தையும் அல்போன்சாவையும் சேர்த்தது ரத்னா. அல்போன்சாவின் சதைக்குள் பஞ்சுபோல் கெட்டுப்போகிற கோளாறு இதில் இல்லை. ரத்னாவைத் திரும்ப அல்போன்சாவோடு சேர்த்து, கொட்டை தட்டையாகி விதையே இல்லாத அளவுக்குப் போனது சிந்து. பெங்களூரின் அர்கா நீலகிரணில் நீலம், தெலங்கானாவின் மஞ்சீராவில் நீலம். நமக்குப் பக்கத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, சின்னசுவர்ணரேகாவும் நீலமும் சேர்ந்தது. பி.கே.எம். 2, நீலமும் மல்கோவாவும் சேர்ந்தது. எந்தத் திசையில் போனாலும் நல்ல கலப்பினத்துக்குப் பெற்றோர் யார் என்று கேட்டால் ஒரு பக்கம் நீலம் நிற்கிறது. ஆடி மாதம் கூறு போட்டு விற்கிற பழத்துக்கு இவ்வளவு பெரிய வம்சம் இருப்பது தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதில் எத்தனை பேருடைய கண் வலி இருக்கிறது என்பதை ஒரு மாம்பூவைக் கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேல் பூ. ஒரு பூ மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதிலும் பெரும்பகுதி ஆண் பூ, காய் பிடிக்காது. இருபால் பூவைத் தேடி எடுத்து, விரிந்த காலையிலேயே, அதில் இருக்கிற ஒரே ஒரு வளமான மகரந்தத் தாளை அது வெடிப்பதற்குள் ஊசிமுனை இடுக்கியால் கிள்ளிவிட வேண்டும். பிறகு வேறு ரகத்து மகரந்தத்தைத் தொட்டு வைத்து, துணிப்பை கட்ட வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கில் செய்தாலும் பிஞ்சு பிடித்து உதிராமல் முற்றுவது விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். அந்தக் கொட்டையை முளைக்க வைத்து மரமாக்கிப் பழம் பார்க்கவே பல வருஷம். ஒவ்வொரு கொட்டையிலும் வருவது வேறு வேறு குணம். ஜைகருக்குக் கொடுக்கிற மரியாதையை இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

மாமரத்துக்கும் பூக்கக் குளிர் உதவும். ஆனால் அது கேட்கிற குளிர் மதுரை மார்கழி இரவிலேயே கிடைத்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை விட்டு மண் காய்கிற வறட்சியும் சேர்ந்தால் தை, மாசியில் பூத்துவிடும். சின்னக் கொல்லைக்கு நான் முதலில் சொல்வது ஆம்ரபாலி. குட்டை மரம். தோப்புகளில் இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1600 மரம்வரை நெருக்கி வைக்கிறார்கள். பழம் சிறிசு, சதை நல்ல ஆரஞ்சு நிறம். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் மல்லிகா. மல்லிகாவை மரத்திலேயே பழுக்க விடக்கூடாது, முற்றியதும் பச்சையாகப் பறித்து வைக்கோலில் வைத்துப் பொறுமையாகப் பழுக்க விட வேண்டும். அவசரப்பட்டுப் பறித்துவிட்டு ருசியில்லை என்பவர்கள் நிறைய. பி.கே.எம். 1 கொத்துக் கொத்தாகக் காய்க்கும், வருஷா வருஷம் வரும்.

வாங்கும்போது ஒட்டு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத கன்றை எடுக்க வேண்டாம். மூன்றடிக்கு மூன்றடி குழி, மட்கிய தொழுவுரம், மேல்மண். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே எது தளிர்த்தாலும் கிள்ளிவிட வேண்டும், அது நாட்டு மரம். முதல் மூன்று வருஷம் வருகிற பூவை மனசைக் கல்லாக்கிக்கொண்டு உருவிவிட வேண்டும். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் கண்ணில் பட்டால் உடனே கவனிக்க வேண்டும், ஒரு வாரம் அசந்தால் அந்த வருஷக் காய்ப்பு போச்சு. இளங்கன்றுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, இலை நுனி கருகும். மாடியில் விழும் மழைத்தண்ணீரைக் கன்றுப் பக்கம் திருப்பிவிட்டால் நல்லது.

மச்சான் கொல்லையின் மேற்கு மூலையில் ஆம்ரபாலிக்குக் குழி எடுத்துவிட்டார். பிளம்ஸை வெட்ட அக்கா சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நிழல் தருகிறது, இருக்கட்டும்.

எனக்கு மிச்சமிருக்கிற ஆசை ஒன்றுதான். நத்தத்திலும் அழகர்கோவில் அடிவாரத்திலும் பழைய தோப்புகளில் காசாலட்டு மாதிரி நம் பக்கத்து ரகங்கள் இன்னும் நிற்கின்றன. கையடக்கப் பழம், தேன் ருசி, கொட்டை போக மிஞ்சுகிற சதைதான் கொஞ்சம். இதை நீலத்தோடோ மல்லிகாவோடோ யாராவது சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ருசி போகாமல், சதை கூடி, வருஷம் தவறாமல் காய்க்கிற ஒரு மதுரைக் கலப்பினம் வர வேண்டும். அதற்கு முதலில் தாய் மரம் உயிரோடு இருக்க வேண்டும். வீட்டுமனை போடத் தோப்பை விற்கிறவர்கள், விற்பதற்கு முன்னால் நல்ல மரம் எது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அதிலிருந்து நாலு ஒட்டுக்குச்சியாவது பெரியகுளத்துக்கோ ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். குச்சி பென்சில் கனம் இருக்கட்டும், இலையைக் கிள்ளிவிட்டு ஈரச்சாக்கில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக வண்டி இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.